ஹோம் ஃபுல்லா? டேட்டாவ அழிக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

டெர்மினல்ல "டிஸ்க் க்வோட்டா எக்ஸீடட்"னு ஒரு வரி வந்து விழுந்த உடனே நிறைய பேர் கண்ணுல படற பெரிய ஃபைலா பாத்து அழிக்க ஆரம்பிச்சுடறாங்க. அது பெரும்பாலும் வாரக்கணக்கா ஓட்டி எடுத்த சிமுலேஷன் ரிசல்ட்டா இருக்கும், இல்லேன்னா நாளைக்கு ரிவ்யூவர் கேட்டா திருப்பி காட்டவேண்டிய ரா டேட்டாவா இருக்கும். தயவு செஞ்சு அந்த அவசரம் வேணாம். யுனிவர்சிட்டி க்ளஸ்டர்லயும் (பல கம்ப்யூட்டர சேத்து கட்டுன பெரிய மெஷின்) லேப் சர்வர்லயும் ஹோம், அதாவது உங்க பேர்ல இருக்கற சொந்த ஃபோல்டர், நிரம்பறதுக்கு பெரும்பாலும் காரணம் உங்க டேட்டா இல்ல, நீங்க கேக்காமலே சாஃப்ட்வேருங்க உங்க பேர்ல சேத்து வெச்ச கேஷ், மறந்துபோன பழைய என்விரான்மென்ட் (ஒரு வேலைக்குன்னு தனியா போட்ட பேக்கேஜ் தொகுப்பு), க்ராஷ் ஆன ஜாப் போட்டுட்டு போன மிச்சம், இதெல்லாம் தான். அத எப்படி தேடி பிடிக்கறது, எத தைரியமா தூக்கலாம், எத தொடவே கூடாதுன்னு சொல்றேன்.

கமாண்டுகள எல்லாம் வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது சின்ன இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க, வேரியபிள் பேர மட்டும் பெரிய எழுத்துல, மைனஸ்னு சொல்ற இடத்துல ஹைஃபன்.

முதல்ல எரர சரியா படிங்க. "டிஸ்க் க்வோட்டா எக்ஸீடட்"னு வந்தா உங்களுக்கு ஒதுக்குன அளவு தீந்துச்சுன்னு அர்த்தம், அத நீங்க தான் சரி பண்ணணும். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு வந்தா அனேகமா அந்த டிஸ்க்கே எல்லாருக்கும் சேத்து நிரம்பிடுச்சு, நீங்க உங்க ஃபைல எவ்வளவு அழிச்சாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, உடனே அட்மினுக்கு மெயில் போடுங்க. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு ராத்திரி முழுக்க தேவையில்லாம க்ளீன் பண்றவங்க இருக்காங்க.

க்வோட்டான்னு ஒண்ண ஏன் வெக்கறாங்கன்னு கோவம் வரும், நியாயம் தான், ஆனா ஒரே டிஸ்க்க பல நூறு பேர் பங்கு போடற இடத்துல ஒருத்தரோட ஓடிட்டே இருக்கற லாக் ஃபைல் எல்லாரோட வேலையையும் நிறுத்திடும். இது இன்னைக்கு நேத்து வந்த பிரச்சனை இல்ல, ஆஸ்திரேலியால மெல்போர்ன் யுனிவர்சிட்டில இருந்த ராபர்ட் எல்ஸ் யூனிக்ஸுக்கு எழுதுன க்வோட்டா முறை 1983ல வந்த 4.2 பிஎஸ்டிலயே சேந்துடுச்சு. நாம இப்போ லினக்ஸ்ல பாக்கற சாஃப்ட் லிமிட், ஹார்ட் லிமிட் எல்லாம் அந்த வழில வந்தது தான்.

சாஃப்ட் லிமிட்ட தாண்டினா உடனே ஒண்ணும் ஆகாது, எழுத விடும், ஆனா க்ரேஸ் பீரியட்னு ஒரு கெடு ஓட ஆரம்பிக்கும், லினக்ஸ்ல டீஃபால்ட்டா 7 நாள், அட்மின் மாத்தியும் வெச்சிருக்கலாம். அந்த கெடுவுக்குள்ள சாஃப்ட் லிமிட்டுக்கு கீழ வரலேன்னா அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் எழுத முடியாது. ஹார்ட் லிமிட் அப்படி இல்ல, தொட்ட நிமிஷமே நிக்கும். அதனால தான் "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு ஒண்ணுமே பண்ணல, திடீர்னு நின்னுடுச்சு"ன்னு பல பேர் சொல்றாங்க, கெடு அவங்களுக்கு தெரியாம ஒரு வாரமா ஓடிட்டு இருந்திருக்கும்.

இப்போ அளவ பாக்கலாம். "க்வோட்டா மைனஸ் எஸ்" அடிங்க. எவ்வளவு யூஸ் பண்ணியிருக்கீங்க, சாஃப்ட் எவ்வளவு, ஹார்ட் எவ்வளவு, க்ரேஸ்ல எத்தன நாள் பாக்கின்னு ஒரு வரில வரும், அளவுக்கு பக்கத்துல ஒரு ஸ்டார் இருந்தா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். லஸ்டர் மாதிரி பேரலல் ஃபைல் சிஸ்டம் (பல சர்வரோட டிஸ்க்க ஒண்ணா சேத்து காட்டறது) இருக்கற பெரிய மெஷின்ல இது வேலை செய்யாம போகலாம், அங்க "எல்எஃப்எஸ் க்வோட்டா மைனஸ் எச் மைனஸ் யு" போட்டு உங்க யூசர்நேம், அப்புறம் அந்த ஃபைல் சிஸ்டத்தோட பாத் குடுக்கணும். திருச்சி என்ஐடில 2022ல வந்த பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் மாதிரி மெஷின்ல அக்கவுண்ட் வாங்குறவங்க யூசர் மேனுவல்ல ஸ்டோரேஜ் பகுதிய மட்டுமாவது முதல் நாளே படிச்சுடுங்க, லிமிட், ஸ்க்ராட்ச் (தற்காலிகமா டேட்டா வெக்கற இடம்) பாலிசி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

அந்த அவுட்புட்ல வலது பக்கம் "ஃபைல்ஸ்"னு இன்னொரு கணக்கும் இருக்கும். அத யாரும் பாக்கறதே இல்ல. அது ஜிபி கணக்கு இல்ல, எண்ணிக்கை கணக்கு, எத்தன ஃபைல், எத்தன டைரக்டரி வெச்சிருக்கீங்கன்னு, ஐநோடுன்னு சொல்லுவாங்க. இடம் பாதி காலியா இருந்தும் "க்வோட்டா எக்ஸீடட்" வருதுன்னா இது தான் நிரம்பியிருக்கும். பைத்தான் என்விரான்மென்ட் ஒண்ணு போட்டாலே பல்லாயிரம் குட்டி ஃபைல் வரும். போதாததுக்கு பல ஃபைல் சிஸ்டத்துல ஒரு ப்ளாக் 4 கேபி, ஒரே ஒரு எழுத்து இருக்கற ஃபைலும் 4 கேபி பிடிக்கும், அப்படி 1,00,000 ஃபைல் இருந்தா உள்ள பெருசா ஒண்ணுமே இல்லேன்னாலும் 400 எம்பி போயிடும்.

அடுத்து, எங்க நிரம்பியிருக்குன்னு பாக்கறது. இங்க தான் பெரிய பொறி இருக்கு. எல்லாரும் ஹோம்ல நின்னு "டியு மைனஸ் எஸ்எச் ஸ்டார்" அடிப்பாங்க, கூட்டி பாத்தா 8 ஜிபி தான் வரும், க்வோட்டா 50 ஜிபின்னு சொல்லும், உடனே சிஸ்டம் தப்புன்னு அட்மின்கிட்ட சண்டைக்கு போவாங்க. ஸ்டார் போட்டா புள்ளில ஆரம்பிக்கற மறைஞ்ச ஃபோல்டருங்க கணக்குல வராது, குப்பை முழுக்க அங்க தான் இருக்கும். அதுக்கு பதிலா "டியு மைனஸ் எச் மைனஸ் டி 1" அடிங்க, பைப் போட்டு "சார்ட் மைனஸ் எச்"க்கு அனுப்புங்க, மறைஞ்சது உட்பட எல்லாம் சின்னதுல இருந்து பெருசா வரிசையா வந்து நிக்கும், கடைசி அஞ்சு வரிய பாத்தாலே கதை புரிஞ்சுடும். எண்ணிக்கை தெரியணும்னா அதே டியு கமாண்டோட "மைனஸ் மைனஸ் ஐநோட்ஸ்" சேத்துக்கோங்க, அப்போ மைனஸ் எச் வேணாம், சார்ட்ல மைனஸ் என் போடுங்க. "என்சிடியு" இருந்துச்சுன்னா இன்னும் நல்லது, ஆரோ கீ வெச்சு உள்ள போய் போய் பாக்கலாம். ஒரு விஷயம், டியு ஒவ்வொரு ஃபைலா தொட்டு பாக்கும், பெரிய லஸ்டர் சிஸ்டத்துல லட்சக்கணக்கான ஃபைல் மேல அடிக்கடி ஓட்டினா மெட்டாடேட்டா சர்வர் (எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வெக்கறது) திணறி எல்லாருக்கும் ஃபைல் பேர காட்டற எல்எஸ் கமாண்ட் கூட மெதுவாகும், அதனால ஒரு தடவ ஓட்டி ரிசல்ட்ட ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கோங்க, அந்த ஃபைல ஹோம்ல போடாம டெம்ப்ல போடுங்க.

லாக்இன்னே ஆகலையா? லேப்ல இருக்கற லினக்ஸ் டெஸ்க்டாப்ல பாஸ்வேர்ட் சரியா குடுத்தும் திரும்ப திரும்ப லாக்இன் ஸ்க்ரீனுக்கே வருதுன்னா பாஸ்வேர்ட் பிரச்சனை இல்ல, ஹோம் ஃபுல்லா இருக்கறதால எக்ஸ்அத்தாரிட்டி மாதிரி குட்டி ஃபைல கூட எழுத முடியாம டெஸ்க்டாப் திறக்காம போகுது. கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்கு போங்க, இல்ல வேற மெஷின்ல இருந்து எஸ்எஸ்எச் பண்ணுங்க, அது பெரும்பாலும் விடும். உள்ள போய் கொஞ்சம் இடம் காலி பண்ணா போதும், மிச்சத்த நிதானமா பாத்துக்கலாம்.

எடிட்டர்ல ஏதாவது திறந்து வெச்சு எழுதிட்டு இருக்கும்போது க்வோட்டா முடிஞ்சா அந்த விண்டோவ மூடவே மூடாதீங்க. திரும்ப திரும்ப சேவ் அடிக்கவும் வேணாம், சில எடிட்டர் பழைய ஃபைல காலி பண்ணிட்டு தான் புதுச எழுத ஆரம்பிக்கும், பாதில நின்னா ஜீரோ பைட் ஃபைல் தான் மிஞ்சும். விம் எடிட்டர்ல இருந்தா கோலன் டபிள்யூ போட்டு டெம்ப் டைரக்டரி பாத்தோட ஒரு ஃபைல் பேரும் குடுத்து அங்க ஒரு காப்பி எழுதிடுங்க, டெம்ப் பொதுவா அந்த மெஷினோட சொந்த டிஸ்க்ல இருக்கும், ஹோம் க்வோட்டால வராது. க்ளஸ்டர்ல ஜாப்ப வரிசைல போட்டு ஓட்டற ஸ்லர்ம்ல க்யூல காத்துட்டு இருக்கற ஜாப் இருந்தா "எஸ்கன்ட்ரோல் ஹோல்ட்" போட்டு நிறுத்தி வைங்க, இல்லேன்னா ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகி அவுட்புட் எழுத முடியாம செத்துடும், காத்திருந்த வரிசையும் போயிடும்.

சரி, எத அழிக்கலாம். புள்ளி கேஷ் ஃபோல்டர் தான் முதல் ஆளு. பைத்தான் பேக்கேஜ் இறக்கற பிப் போட்டு வெச்சது "பிப் கேஷ் பர்ஜ்" அடிச்சா போயிடும், இன்ஸ்டால் ஆன பேக்கேஜுக்கு ஒண்ணும் ஆகாது. காண்டான்னு இன்னொரு பேக்கேஜ் மேனேஜர் வெச்சிருந்தா "காண்டா க்ளீன் மைனஸ் மைனஸ் ஆல்", டவுன்லோட் பண்ண பழைய பேக்கேஜ் எல்லாம் போகும், பல பேருக்கு இந்த ஒரு கமாண்டே சில ஜிபி திருப்பி குடுக்கும். அப்புறம் "காண்டா என்வ் லிஸ்ட்" போட்டு பாருங்க, டெஸ்ட்1, டெஸ்ட்2, நியூ, நியூஃபைனல்னு வரிசையா நிக்கும். எது வேணும்னு சந்தேகமா இருக்கறத முதல்ல "காண்டா என்வ் எக்ஸ்போர்ட்" பண்ணி ஒரு யாம்ல் ஃபைலா எடுத்து ஹோம்ல வெச்சுட்டு அப்புறம் ரிமூவ் பண்ணுங்க, சில கேபி ஃபைல் தான், பின்னாடி வேணும்னா அத வெச்சு மறுபடி கட்டிக்கலாம்.

மெஷின் லேர்னிங் பண்றவங்க புள்ளி கேஷுக்குள்ள ஹக்கிங்ஃபேஸ் ஃபோல்டர பாருங்க. 700 கோடி பாராமீட்டர் இருக்கற ஒரு மாடல் 16 பிட்ல கிட்டத்தட்ட 14 ஜிபி, மூணு மாடல ட்ரை பண்ணி பாத்தாலே 40 ஜிபி தாண்டிடும், எல்லாம் சத்தமில்லாம ஹோம்ல தான் இறங்கும். எச்எஃப் அண்டர்ஸ்கோர் ஹோம்ங்கற வேரியபிள புள்ளி பாஷ்ஆர்சில ஸ்க்ராட்ச் பக்கம் திருப்பி வெச்சுட்டா இனிமே அங்க போய் இறங்கும். ஆப்டெய்னர் கண்டெய்னருக்கும் இதே கதை தான், ஆப்டெய்னர் அண்டர்ஸ்கோர் கேஷ்டிர் வேரியபிள மாத்துங்க. விஎஸ் கோட்ல ரிமோட்டா கனெக்ட் பண்றவங்களுக்கு புள்ளி விஎஸ்கோட் ஹைஃபன் சர்வர்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய வெர்ஷன் எல்லாம் அதுல தேங்கி நிக்கும், விஎஸ் கோட மூடிட்டு அந்த ஃபோல்டர அழிச்சா அடுத்த தடவ தேவையானத மட்டும் மறுபடி இறக்கிக்கும், எக்ஸ்டென்ஷன மட்டும் திரும்ப போடணும். டெஸ்க்டாப்ல டெலீட் பண்ணது எல்லாம் புள்ளி லோக்கல், ஷேர், ட்ராஷுக்குள்ள அப்படியே இருக்கும், அதயும் காலி பண்ணணும். கோர்னு ஆரம்பிச்சு பின்னாடி நம்பர் இருக்கற ஃபைல் ப்ரோக்ராம் க்ராஷ் ஆனப்போ மெமரிய அப்படியே கொட்டி வெச்சது, டீபக் பண்ண போறதில்லேன்னா தூக்கிடலாம், மறுபடி வராம இருக்க ஜாப் ஸ்க்ரிப்ட்ல "யுலிமிட் மைனஸ் சி 0" போடுங்க.

தொடக்கூடாதது: புள்ளி எஸ்எஸ்எச், புள்ளி பாஷ்ஆர்சி, புள்ளி காண்ஃபிக். எல்லாம் சின்னது தான், அழிச்சு இடமும் கிடைக்காது, தலைவலி தான் மிச்சம். ஸ்டார் போட்டு ஆர்எம் (அழிக்கற கமாண்ட்) அடிக்கறதுக்கு முன்னாடி அதே பேட்டர்ன எல்எஸ்ல போட்டு என்னென்ன மாட்டுதுன்னு கண்ணால பாத்துக்கோங்க, புள்ளி ஸ்டார்னு சேத்து அடிக்கவே அடிக்காதீங்க. யூனிக்ஸ்ல ஆர்எம்முக்கு திரும்ப வர்ற வழி கிடையாது.

சிமுலேஷன் பண்றவங்களுக்கு தனியா சொல்லணும், ஏன்னா இங்க அழிக்கறத விட எழுதாம இருக்கறது தான் பெரிய லாபம். ஓப்பன்ஃபோம்ல 64 கோர்ல பிரிச்சு ஓட்டி 200 டைம் ஸ்டெப் சேவ் பண்ணி ஒவ்வொண்ணுலயும் 6 ஃபீல்ட் இருந்தா 64 இன்ட்டு 200 இன்ட்டு 6, 76,800 ஃபைல், ஒரே ஒரு கேஸுக்கு. கண்ட்ரோல்டிக்ட்ல பர்ஜ்ரைட் போட்டா கடைசி சில டைம் ஸ்டெப் மட்டும் வெச்சுட்டு மிச்சத்த அதுவே அழிச்சுடும், ரைட்ஃபார்மேட்ட பைனரி ஆக்குங்க, கொலேட்டட் ஃபைல் ஹேண்ட்லர் யூஸ் பண்ணா ப்ராசஸர் வாரியா ஃபோல்டர் பெருகாது. ரீகன்ஸ்ட்ரக்ட்பார் முடிஞ்சு ரிசல்ட் சரியா இருக்குன்னு பாராவியூல திறந்து பாத்த பிறகு ப்ராசஸர் ஃபோல்டருங்கள அழிச்சுடலாம். வாஸ்ப் ஓட்டறவங்க, வேவ்கார் திரும்ப ரீஸ்டார்ட்டுக்கு வேணாம்னா இன்கார்ல எல்வேவ ஃபால்ஸ் ஆக்குங்க. க்ரோமாக்ஸ்ல டிஆர்ஆர் ஃபைல் முழு ப்ரெசிஷன்ல பொசிஷன், வெலாசிட்டி எல்லாம் எழுதும், பெரும்பாலான அனாலிசிஸுக்கு எக்ஸ்டிசியே போதும், கைடுகிட்ட ஒரு தடவ கேட்டுட்டு என்எஸ்டிஎக்ஸ்அவுட், என்எஸ்டிவிஅவுட்ட ஜீரோ பண்ணிட்டு கம்ப்ரெஸ்ட் அவுட்புட்ட மட்டும் ஆன் பண்ணுங்க. கெளசியன்ல ஆர்டபிள்யூஎஃப் ஃபைல் ஸ்க்ராட்ச்ல விழற மாதிரி கௌஸ் அண்டர்ஸ்கோர் எஸ்சிஆர்டிர் செட் பண்ணியிருக்கான்னு பாருங்க. இன்புட் ஃபைல், ஜாப் ஸ்க்ரிப்ட், எந்த வெர்ஷன்ல ஓட்டுனீங்கங்கற குறிப்பு, இது மூணும் சில கேபி தான், ஆனா இது கையில இருந்தா பல ரிசல்ட்ட மறுபடி ஓட்டி எடுத்துடலாம், அதனால இத எப்பவுமே ஹோம்ல வைங்க.

முடிஞ்சுபோன வேலைய டார் பண்ணி ஒரே ஃபைலா ஆக்கிடுங்க, எண்ணிக்கை க்வோட்டாவுக்கு இத விட நல்ல வைத்தியம் இல்ல. ஹோம் ஏற்கனவே ஃபுல்லா இருந்தா டார் ஃபைல நேரா ஸ்க்ராட்ச்ல எழுத வைங்க, இல்லேன்னா பாதில நிக்கும். டெக்ஸ்ட் லாக் எல்லாம் ஜிசிப்ல நல்லா சுருங்கும், எக்ஸ்டிசி, ஜேபெக், வீடியோ சுருங்காது, அதுக்கு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அழிக்கறதுக்கு முன்னாடி டார் மைனஸ் டிஎஃப் போட்டு ஒரிஜினலோட ஒப்பிட்டு பாருங்க, அமைதியா முடிஞ்சா எல்லாம் சரி. லேப்டாப்புக்கோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கோ எடுக்கும்போது ஆர்சிங்க் யூஸ் பண்ணுங்க, நெட் கட் ஆனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம், முடிஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் எஸ்எச்ஏ256சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீளமான குறி) எடுத்து ஒண்ணா இருக்கான்னு பாத்த பிறகு தான் இங்க அழிக்கணும்.

ஸ்க்ராட்ச பத்தி. அது களத்து மேடு மாதிரி, நெல்ல அடிச்சு தூத்தறதுக்கு தான் இடம், அங்கேயே மூட்டைய போட்டு வெச்சுட்டு வீட்டுக்கு போக முடியாது. பொதுவா பேக்அப் கிடையாது, ரொம்ப நாள் தொடாத ஃபைல தானா அழிக்கற பர்ஜ் பாலிசியும் பல இடத்துல இருக்கும். கேஷ் ஃபோல்டர அங்க மூவ் பண்ணி ஹோம்ல இருந்து "எல்என் மைனஸ் எஸ்" போட்டு லிங்க் குடுக்கறது நல்ல வழி, கேஷ் போனா திரும்ப இறங்கிக்கும். ஆனா காண்டா என்விரான்மென்ட்ட அங்க வெச்சா கவனமா இருங்க, நாள் ஆன ஃபைல மட்டும் பர்ஜ் தூக்கும்போது என்விரான்மென்ட் பாதி உயிரோட நிக்கும், என்னன்னே புரியாத எரர் வரும், அதுக்கு தான் அந்த யாம்ல் ஃபைல ஹோம்ல வெக்க சொன்னேன். பர்ஜ்ல இருந்து தப்பிக்க எல்லா ஃபைலையும் டச் பண்ணி ஸ்க்ரிப்ட் ஓட்டாதீங்க, பல சென்டர்ல அத விதிமீறலா எடுத்துப்பாங்க, அக்கவுண்ட்டே போயிடும்.

அழிச்சும் அளவு குறையலையா? நாலு காரணம் பாருங்க. ஓடிட்டு இருக்கற ஏதோ ஒரு ப்ராசஸ் அந்த ஃபைல இன்னும் திறந்து வெச்சிருந்தா அது மூடற வரைக்கும் இடம் திரும்ப வராது, நெட்வொர்க் ஹோம்ல புள்ளி என்எஃப்எஸ்னு ஆரம்பிக்கற விசித்திரமான ஃபைல் நின்னா இது தான், அந்த ப்ராசஸ நிறுத்துங்க. ரெண்டாவது, ஸ்டோரேஜ்ல ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய அப்படியே பிடிச்சு வெக்கறது) எடுத்தாங்கன்னா அத எப்படி கணக்கு வெச்சிருக்காங்கங்கறத பொறுத்து பழைய ஸ்னாப்ஷாட் போன பிறகு தான் குறையலாம். மூணாவது, க்வோட்டா ஃபோல்டர பாக்கறதில்ல, ஃபைலோட ஓனர பாக்கும், லேப் பொது ஃபோல்டர் அதே டிஸ்க்ல இருந்து அங்க உங்க பேர்ல ஏதாவது கிடந்தா அதுவும் உங்க கணக்கு தான், "ஃபைண்ட்" கமாண்ட்ல மைனஸ் யூசர் போட்டு தேடுங்க. நாலாவது க்ரூப் க்வோட்டா, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு எம்வி பண்ணி கொண்டுபோனா ஃபைல் பழைய க்ரூப் பேரோடயே போகும், சிபி பண்ணா தான் பெரும்பாலும் அந்த ஃபோல்டரோட க்ரூப் எடுத்துக்கும். மூவ் பண்ணியும் உங்க கணக்குலயே நிக்குதுன்னா சிஎச்ஜிஆர்பி போட்டு க்ரூப்ப மாத்துங்க.

காலேஜ் குடுத்த கூகுள் ட்ரைவ்ல போட்டுக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு, அந்த அன்லிமிடெட் காலம் முடிஞ்சுடுச்சு. 2022 ஜூலைல இருந்து கல்வி நிறுவனத்துக்கு அடிப்படையா மொத்தம் 100 டிபி, அத எல்லாரும் பங்கு போடணும், அதனால ஆளுக்கு இவ்வளவுன்னு நிறைய இடத்துல கட்டுப்பாடு வெச்சுட்டாங்க. ரெண்டாவது காப்பிக்கு ஓகே, ஒரே காப்பி அங்க மட்டும்னா வேணாம்.

இவ்வளவும் பண்ணியும் பத்தலேன்னா தயங்காம கேளுங்க, ஆனா "சார் ஸ்பேஸ் வேணும்"னு ஒரு வரி மெயில் போடாதீங்க. க்வோட்டா அவுட்புட், டியு அவுட்புட்ல பெருசா இருக்கற அஞ்சு ஃபோல்டர், அது என்ன டேட்டா, ஏன் ஸ்க்ராட்ச்ல வெக்க முடியாது, எவ்வளவு வேணும், எந்த மாசம் வரைக்கும் வேணும்னு எழுதி கைட சிசில போட்டு அனுப்புங்க. க்ளீன் பண்ணிட்டு தான் கேக்கறாங்கன்னு தெரிஞ்சா அட்மின் பக்கமும் சீக்கிரம் நடக்கும்.

கடைசியா, கோர்ஸ் முடிச்சு கெளம்பறவங்க. வைவா முடிஞ்ச கையோட அக்கவுண்ட் எப்போ மூடுவாங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க, அதுக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே லேப்புக்கு வேண்டிய டேட்டாவ ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மாத்தி, க்ரூப்ல இருக்கறவங்க படிக்கற மாதிரி பர்மிஷன் குடுத்து, எந்த ஃபோல்டர்ல எந்த பேப்பரோட எந்த படத்துக்கான டேட்டா இருக்குன்னு ஒரு ரீட்மீ எழுதி வைங்க. ஓனர உங்க பேர்ல இருந்து மாத்தறது உங்களால முடியாது, அதுக்கான சிஎச்ஓன் கமாண்ட அட்மின் தான் போடணும், அதனால அந்த ரிக்வெஸ்ட்ட நோ ட்யூஸ் ஃபார்ம் எடுக்கறப்பவே சேத்து குடுத்துடுங்க.